டைம்டேபிள் விற்றவள்

மகளை எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்காக செகந்தராபாத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தின் வெளியே காத்திருந்தேன். ஏப்ரல் மாதம். பெஞ்சின் இரும்பு புடவையைத் தாண்டிச் சுட்டது. எதிர் அறையில் இரண்டு ஆசிரியைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாய் அளவுக்கு ஒரு சார்ட்டை விரித்து, அதன்மேல் வண்ண அட்டைத் துண்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். போட்டால் துண்டுகள் பறந்துவிடுமாம். அடுத்த கல்வியாண்டுக்கான டைம்டேபிள் தயாராகிறது என்று பியூன் சொன்னார். ஒருவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி ஏழாம் வகுப்பு பி பிரிவின் மேல் விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம் என்று என் கணவர் சொல்வார், ஆனால் இது நியாயமான கோபம். மாதாப்பூரில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒன்றின் நான்காவது மாடியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, போர்வை வேண்டும் போல இருக்கிறது என்று புலம்பியபடி, நான் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். கடல் கடந்து எங்கேயோ இருக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு. வருடக்கணக்காக எழுதியும், அதைப் பயன்படுத்துகிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அவர் ஆணா பெண்ணா, நான் செய்ததைப் பார்த்து மகிழ்கிறாரா திட்டுகிறாரா, ஒன்றும் தெரியாது. இங்கே பேருந்து தூரத்தில் இரண்டு பெண்கள் விசிறி இல்லாமல் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு மனதில் விழுந்தது அப்படியே தங்கிவிட்டது. சில மாதங்கள் சனி ஞாயிறுகளில், டைம்டேபிள் போடும் ஒரு மென்பொருளை எழுதிப் பார்த்தேன். பிறகு தசரா முடிந்ததும் வேலையை விட்டேன். திருநெல்வேலியில் இருந்த என் அப்பாவுக்கு இரண்டு வாரம் சொல்லவில்லை. சொன்னபோது அவர், "மாப்பிள்ளைக்கு வேலை இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

கணவரும் மாதாப்பூரில்தான், வேறு கம்பெனியில். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சாப்பாட்டு மேசையில் தயிர் சாதத்தைப் பிசைந்தபடியே ஒப்பந்தம் போட்டார்.

"நான் வேண்டாங்கல. அடுத்த தசரா வரைக்கும் பாரு. ஒரே ஒரு பள்ளிக்கூடமாவது துட்டு கொடுத்து வாங்கட்டும், அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். வாங்கலன்னா பேசாம வேலைக்குத் திரும்பிப் போயிரணும். என்ன?"

"ஒண்ணா? எத்தன பள்ளிக்கூடம் வாங்குதுன்னு மட்டும் பாருங்க" என்றேன். வாய்க்கொழுப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

என் பழைய மேலாளர் நல்ல மனிதர், தெலுங்குக்காரர். அடுத்த தசராவுக்குப் பிறகு ஒரு பெரிய பணி ஆரம்பிக்கப்போகிறது, அதில் உனக்கு ஓர் இருக்கை வைத்திருப்பேன் என்றார். எல்லோரும் அன்பாகவே நடந்துகொண்டார்கள். நான் தோற்றுத் திரும்பி வருவேன் என்பதில் அத்தனை பேருக்கும் அத்தனை நம்பிக்கை. அந்த அன்புதான் எனக்கு ஆகவே இல்லை.

வீட்டின் சின்ன அறையில், மடித்த துணிகள் குவிந்த கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கணினியைப் போட்டுக்கொண்டேன். டைம்டேபிள் என்பது வெளியிலிருந்து பார்க்கத்தான் கட்டம் போட்ட தாள். உள்ளே போனால் குடும்பச் சண்டை மாதிரி. கணக்கு டீச்சருக்குக் காலையில்தான் வேண்டும். இந்தி டீச்சருக்குக் கைக்குழந்தை, கடைசி வகுப்பு கூடாது. போதாக்குறைக்கு நம்மூரில் இல்லாத ஒரு சிக்கல்: ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தெலுங்கு எடுத்திருப்பார்கள், பாதிப் பிள்ளைகள் இந்தி. ஒரே நேரத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு அறைகளுக்குப் போக வேண்டும், இரண்டு டீச்சர்களும் அப்போது ஓய்வாக இருக்க வேண்டும். என் மென்பொருள் முதன்முதலில் முழுசாகப் போட்டுக் கொடுத்த டைம்டேபிளில், ஆறாம் வகுப்புக்குத் திங்கள்கிழமை முழுவதும் விளையாட்டு. மகளிடம் காட்டினேன். "சூப்பர் ஹை மம்மி" என்றாள். நான் தமிழில் கேட்டால் அவள் இந்தியில்தான் பதில் சொல்வாள்.

மே மாதத்துக்குள் அது உருப்பட்டுவிட்டது. நாற்பது டீச்சர் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் டைம்டேபிளைப் போட்டுக் கொடுத்தது. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நான் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கடை விரிக்கிற வேலை. ஒரு ஆள் செய்த பொருள் என்று தெரிந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னதால், இணையதளத்தில் 'நாங்கள்', 'எங்கள் குழு', 'எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு' என்றெல்லாம் எழுதினேன். விற்பனைக்கு ஒரு மின்னஞ்சல், உதவிக்கு ஒரு மின்னஞ்சல், பொது விசாரணைக்கு ஒரு மின்னஞ்சல். மூன்றும் அந்தத் துணிக்கட்டிலின் பக்கத்தில்தான் வந்து விழுந்தன. ஒரு நாள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வந்த போனை மகள் எடுத்து, "மம்மி நஹா ரஹீ ஹை" என்று சொல்லி வைத்துவிட்டாள். குழுவின் மொத்த உறுப்பினரும் குளித்துக்கொண்டிருக்கிற விஷயம் அப்படி வெளியே போய்விட்டது.

அந்த நாட்களில் கணினிப் பத்திரிகைகள் இதழோடு ஒரு சிடி இலவசமாகத் தரும். ஒரு பத்திரிகைக்கு விடாமல் எழுதி எழுதி, மே மாத இதழின் சிடியில் என் மென்பொருளையும் சேர்க்க வைத்தேன். அது போக, நானே சிடிக்களில் பதிந்து, வட்ட லேபிளைக் கோணலாக ஒட்டி, பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். மகளின் பள்ளிக்கூடத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாச்சாரம், போவன்பள்ளி, மாரேட்பள்ளி என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தேன். மே மாதத்தில் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் போய் நின்றால், வாட்ச்மேனுக்கு ஒரே அர்த்தம்தான். "அட்மிஷன்லு அயிபோயினாயம்மா" என்று, சேர்க்கை முடிந்துவிட்டதைக் கேட்டைத் திறக்காமலே சொல்வார். நான் பிள்ளையைச் சேர்க்க வரவில்லை என்று தெலுங்கில் விளக்குவதற்குள் அவர் நிழலுக்குப் போய்விடுவார். பிறகு கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டி, கையில் ஒரு தடிமனான ஃபைலை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்திருப்பதாக நினைத்து ஒருவர் சல்யூட் அடித்தார். நான் தலையை லேசாக ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஒரு மாதச் சோதனைப் பதிப்பு. அதுதான் வழக்கம். இணையத்தில் தனியாக மென்பொருள் விற்கிற அத்தனை பேரும் அப்படித்தான் கொடுத்தார்கள். ஒரு மாதம் முழுசாகப் பயன்படுத்திப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அதுவாகவே நின்றுவிடும். நானும் யோசிக்காமல் அதையே வைத்தேன். அச்சடித்தால் தாளின் அடியில் 'சோதனைப் பதிப்பு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்படியும் செய்தேன். என்ன ஒரு சாமர்த்தியம்!

ஜூன் மாதம் பாராட்டுகள் குவிந்தன. நிஜமாகவே குவிந்தன. நாக்பூரிலிருந்து ஒரு பள்ளி முதல்வர், என்னை ஆசீர்வதித்து எழுதினார். விஜயவாடாவில் ஒருவர், இனி கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகலாம் என்று எழுதினார். ஒவ்வொன்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, வாங்குதாங்களா?" என்றார். "ஒரு மாசம் முடியட்டும்லா" என்றேன்.

மாதம் முடிந்தது. போன் அடிக்கவில்லை. வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் அடிக்கவில்லை.

ஜூலையில் ஒரு காலை மகளை வகுப்பில் விடப் போனபோது, அவளுடைய வகுப்புச் சுவரில் என் டைம்டேபிள் தொங்கியது. என் கட்டங்கள், என் எழுத்துரு, நான் தேர்ந்தெடுத்த இளநீல நிறம். அடியில் 'சோதனைப் பதிப்பு' என்று வரவேண்டிய இடத்தை மட்டும் யாரோ கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ரோஜாப்பூ பார்டர் ஒட்டியிருந்தார்கள். நடைபாதையில் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தேன். எல்லாச் சுவரிலும் நான். எல்லாச் சுவரிலும் ரோஜாப்பூ.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டைம்டேபிள் போடுவது வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வார வேலை. நான் ஒரு மாதம் சும்மா கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்து, அச்சடித்து, சுவரில் ஒட்டி, மிச்ச நாட்களையும் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானே தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தைக் கல்யாணத்தன்று இலவசம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் வாடகைக்கு வாசலில் காத்திருந்த கதை.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்ததைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டார். "தசராவுக்கு இன்னும் நாள் இருக்குல்லா" என்றார் மெதுவாக. அது ஆறுதலா எச்சரிக்கையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்தின் துணை முதல்வரைப் பார்க்கப் போனேன். போன வருடம் ஏப்ரலில் தரையில் உட்கார்ந்து வியர்வை சிந்திய இருவரில் ஒருவர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்தராபாத்துக்கு வந்துவிட்டவர்கள். அவர் பேசும் தமிழில் பாதி அந்த ஊர் இந்தி. நல்ல உயரம், கணீர்க் குரல். நான் மென்பொருளைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஹவ் மா, ஆமா, ஃபர்ஸ்ட் க்ளாஸா வந்துச்சு! இந்த வருஷம் விசிறி போட்டுக்கிட்டு வேலை பண்ணோம்."

"அப்ப வாங்கலாமே மேடம்?"

"வேலைதான் முடிஞ்சு போச்சே. இப்போ கைக்கு வாங்கணும்? அடுத்த வருஷம் புது சிடி கொண்டு வருவே இல்ல?"

'கைக்கு' என்றால் அந்த ஊர் இந்தியில் 'ஏன்'. அவர் கேட்டதில் துளியும் கபடம் இல்லை. புது சிடி நான் கொண்டு வருவேன் என்று மனதார நம்பினார். அப்போது பியூன் வந்து மூன்று விடுப்புச் சீட்டுகளை மேசையில் வைத்தார். துணை முதல்வரின் முகம் மாறியது.

"அர்ரே, மூணு பேரா! இன்னைக்கும் நான் பரேஷான்" என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

ஒரு டீச்சர் வராவிட்டால், அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் வேறொரு டீச்சரை அவருடைய வகுப்புக்கு அனுப்ப வேண்டும். சப்ஸ்டிட்யூஷன் என்பார்கள். அவர் சுவரில் இருந்த என் டைம்டேபிளை விரலால் தடவித் தடவி, யார் எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று தேடித் தாளில் எழுதினார். அதற்குள் பிரேயர் மணி அடித்துவிட்டது. அறைக்குள் டீச்சர்கள் வர ஆரம்பித்தார்கள். "நேற்றும் நான்தான் போனேன்" என்றார் ஒருவர். "எனக்குப் பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது" என்றார் இன்னொருவர். ஒருவர் தாளைப் பார்த்ததும் அழவே ஆரம்பித்துவிட்டார். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் சண்டை நடந்தது. துணை முதல்வர் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர் எழுதினார், அதையும் அடித்து வேறொரு பெயர் எழுதினார். கடைசியில் மூன்று வகுப்பும் ஒரே ஆளின் தலையில் விழுந்தது. உயிரியல் டீச்சர், ஒல்லியான தெலுங்குப் பெண். தாளை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

"மூணும் அவங்களுக்கேவா மேடம்?" என்று கேட்டேன்.

"அவ ஒருத்திதான் நக்கோ, முடியாதுன்னு சொல்ல மாட்டா. நான் என்ன பண்ணட்டும்? தினமும் இதே கூத்துதான் மா."

தினமும். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யார் எப்போது ஓய்வு என்பது என் மென்பொருளுக்கு ஏற்கனவே மனப்பாடம். யார் எத்தனை முறை போனார்கள் என்பதை அது நினைவில் வைத்துக்கொண்டால் போதும், குறைவாகப் போனவரை முதலில் அனுப்பும். வருடத்துக்கு ஒருமுறை வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனே, தினமும் காலையில் நடக்கிற வேலை அதே அறையில் இருந்திருக்கிறது. துணை முதல்வரிடம் நன்றாக விடைகூடப் பெறாமல் ஓடினேன்.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் சமையல் என்பது பேருக்குத்தான் நடந்தது. கணவர் இட்லி மாவு பாக்கெட் வாங்கப் பழகிக்கொண்டார். ஆகஸ்டில் பள்ளிக்குப் போய், துணை முதல்வரின் கணினியில் புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். காலையில் வராதவர்களின் பெயரைத் தட்டினால் போதும், தாள் வந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த மாதம் எத்தனை முறை போனார் என்பதும் அச்சாகும்.

"எத்தன நாளைக்குக் கொடுத்திருக்க?" என்று கணவர் கேட்டார்.

"ஒரு மாசம்."

"மறுபடியுமா!"

"இந்தத் தடவ மாசம் முடிஞ்சாலும் வேலை முடியாதுல்லா" என்றேன். சொன்னேனே தவிர, காலண்டரில் நாட்களை எண்ணினேன். செப்டம்பர் முடிந்தால் தசரா. ஆகஸ்ட் கடைசியில் மேலாளர் ஒருமுறை கூப்பிட்டு, உனக்கு ஜன்னல் ஓரமாகவே இடம் பார்த்திருக்கிறேன் என்றார். நான் நன்றி என்றேன். அழுகை வந்தது. ஜன்னல் ஓரத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் முகம் தெரியப்போவதில்லை.

அந்த மாதம் முழுவதும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை. மகளை விடப் போகும்போது அலுவலகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். துணை முதல்வர் கையை ஆட்டுவார், அவ்வளவுதான். பாராட்டுகூட இல்லை. ஜூனில் வந்த பாராட்டுகளை நினைத்து, பாராட்டு வராதது நல்லதுதான் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு திங்கள்கிழமை, குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது போன் அடித்தது. எடுத்ததும் காதில் இடி விழுந்தது.

"ஏம்மா! உன் சாஃப்ட்வேர் என்ன பண்ணுது? கடை மூடியாச்சுன்னு எழுதிக் காட்டுது! இங்கே நாலு பேர் லீவு! ஜல்தி வா!"

"மாசம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றேன்.

"நான் பழைய மாதிரி கையிலே எழுதிக் கொடுத்தேன் மா. எல்லாரும் சண்டை போட்டாங்க, அது பழகினதுதான். ஆனா பயாலஜி மிஸ் இருக்காளே, வாயே திறக்க மாட்டாளே, அவ அந்தத் தாளை என் டேபிள் மேலேயே திருப்பி வெச்சிட்டா! கம்ப்யூட்டர் தாள் எங்கே, அதிலே வந்தாதான் போவேன்னு சொல்லிட்டா! நைன்த் பி-யிலே பசங்க மேஜை மேலே நிக்கறாங்க!"

குக்கரை அணைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. வீடு எரியவில்லை என்பதால் அணைத்திருக்க வேண்டும். ஆட்டோவில் போகும்போது சத்தமாகச் சிரித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார். பார்க்கட்டும்.

பள்ளிக்குப் போனதும் முதலில் அன்றைய தாளை எடுத்துக் கொடுத்தேன். தாளைப் பிடுங்கிக்கொண்டு டீச்சர்கள் கலைந்தார்கள். பிறகு துணை முதல்வர் என்னை முதல்வரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். முதல்வர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில்கூட விறைப்பாகத்தான் உட்கார்ந்திருப்பார். விலையைக் கேட்டார், சொன்னேன். தலையாட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் கம்பெனியில் எத்தனை பேர்?"

அவர் மேசையில் என் விசிட்டிங் கார்டு கிடந்தது. அதில் 'எங்கள் குழு' என்று அச்சடித்திருந்தேன். பன்னிரண்டு பேர் என்று சொல்லலாம், ஐந்து பேர் என்று சொல்லலாம். அவர் யாரையும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்தக் காலையில் எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. ஜெயித்தால் நான் ஜெயித்ததாக இருக்கட்டும், இல்லாத பன்னிரண்டு பேரோடு பங்கு போட நான் தயாராக இல்லை.

"நான் ஒருத்திதான் சார்" என்றேன்.

துணை முதல்வர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல்வர் கார்டை எடுத்துப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "ஃபீஸ் சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியில் நூறு பேர். பழுதானால் ஒருவர்கூட போன் எடுப்பதில்லை. நீங்கள் ஒருவர்தான் என்றால், யாரைத் திட்டுவது என்று நான் தேட வேண்டியதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கணக்கரைக் கூப்பிட்டுக் காசோலை எழுதச் சொன்னார்.

வெளியே வந்ததும் துணை முதல்வர் குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரலே அடுத்த கட்டடம் வரை கேட்கும். "போவன்பள்ளியிலே என் தங்கச்சி ஸ்கூல் இருக்கு. அவளும் கேக்கறா. அங்கே டீச்சருங்க எல்லாம் அவ உயிரை வாங்கறாங்களாம், அந்த ஸ்கூல்லே மாதிரி கம்ப்யூட்டர் தாள் வேணும்னு. இன்னும் ரெண்டு மூணு ஸ்கூல்லேயும் பேசிக்கறாங்க. என்ன மா, யார்கிட்டே சொல்லி வெச்சே நீ?"

நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. வெயிலில் சிடியைச் சுமந்துகொண்டு முதல்வர்களின் கதவைத் தட்டியபோது திறக்காத கதவுகளை, ஓய்வு வகுப்பைப் பறிகொடுத்த டீச்சர்கள் உள்ளே இருந்தபடியே திறந்துவிட்டிருந்தார்கள். மாதக் கடைசியில் யார் எத்தனை முறை போனார் என்கிற தாள், அவர்களுடைய அக்கா தங்கை, ஓரகத்தி, பழைய சிநேகிதி என்று ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. விளம்பரத்துக்கு நான் போட்ட திட்டம் எதிலும் ஓரகத்தி இல்லை.

கால் தரையில் படாமல்தான் அலுவலகத்தை விட்டு வந்தேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. ஆசிரியர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே உயிரியல் டீச்சர் மட்டும் இருந்தார். எதிர் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டிருந்தார். மேசையில் திருத்த வேண்டிய நோட்டுகளின் அடுக்கு. அதை அவர் தொடவில்லை. இரண்டு கையாலும் டீ கப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலை எடுக்கப் போனார்.

"வேண்டாம், இருங்க" என்று தெலுங்கில் சொன்னேன்.

"இன்று எனக்கு சப்ஸ்டிட்யூஷன் இல்லை" என்றார் அவரும் தெலுங்கில். என்னிடம் அனுமதி கேட்பது போலவும் இருந்தது, எனக்கு அறிவிப்பது போலவும் இருந்தது. "நான்கு பேர் விடுப்பு. நான்கு பேர் விடுப்பு எடுத்த நாளில் எனக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பது, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை." ஃப்ளாஸ்க்கை என் பக்கம் தள்ளினார்.

என் பொருளைப் பயன்படுத்துகிற ஒருவரின் முகத்தை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், காதில் சின்னக் கல் தோடு, உதட்டின் மேல் டீயின் நுரை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. பாதி டீ குடித்ததும் போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டேன்.

"நான் வரவில்லை சார்" என்றேன்.

அவர் பண்பாக, எத்தனை பள்ளிக்கூடம் வாங்கியிருக்கிறது என்று கேட்டார். ஒன்று என்றேன். ஒரு பள்ளிக்கூடத்தை நம்பியா என்று கேட்டார். ஆமாம், ஒரு பள்ளிக்கூடத்தை நம்பித்தான் என்று சொல்லி, ஜன்னல் ஓர இருக்கையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். நான் கத்திச் சொன்னேன் போலிருக்கிறது. நடைபாதையில் போன பியூன் எட்டிப் பார்த்தார்.

அடுத்த வகுப்புக்கான மணி அடித்தது. நடைபாதை முழுக்கக் காலடிச் சத்தம், கதவுகள் அறைகிற சத்தம், யாரோ ஒரு டீச்சர் ஓடுகிற செருப்புச் சத்தம். உயிரியல் டீச்சர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.